படிக்கட்டில் உட்கார்ந்தவள்

அம்மா இறந்த மூன்றாவது வாரம் அண்ணன் போன் செய்தான்.

"அம்மா துணியெல்லாம் இன்னும் அப்படியேவா வச்சிருக்கே? தூக்கிப் போட்டுடு. தினமும் பார்த்தா அழுகைதான் வரும்."

அழுகை வரவில்லை என்பதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. "சரிண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெரியவள், கடைசி சின்னவள், நடுவில் பட்டப்பெயர் தேவைப்படாத ஒரே மகன். சின்னவளுக்கு நாற்பத்தொன்பது வயது. முன்தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் இன்னும் சின்னவள்தான். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். அதனால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துபோனபோது, யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. "நீ தனியாத்தானே இருக்கே" என்றாள் பெரியவள். அந்த ஒரு வாக்கியத்தில் ஆறு வருஷம் போயிற்று.

பெரியவள் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள், இரண்டு நாள் இருப்பாள். மற்ற நாட்களில் சாயங்காலம் போனில் முகம் காட்டுவாள். அண்ணன் சின்னவள் இருந்த ஊரிலேயே மறுகோடியில் இருந்தான். ஞாயிறுதோறும் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, நாற்காலியில் பையை வைத்துவிட்டு, பத்து நிமிடம் நின்றபடியே பேசிவிட்டுப் போவான். பழத்தை அம்மாவால் மெல்ல முடியாது என்பது ஆறு வருஷமும் அவனுக்கு மறந்துபோயிற்று.

சின்னவள் திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கும் கடையில் வேலை பார்த்தவள். அம்மா படுத்ததும் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தாள். கடையில் வெட்டிக் கொடுப்பார்கள், அவள் அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மெஷினைப் போட்டுத் தைத்துக் கொடுப்பாள். "அந்தச் சத்தம் மண்டையைப் பொளக்குது" என்பாள் அம்மா. பக்கவாதம் நாக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது. வலது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு மணி வைத்திருந்தாள் சின்னவள். கடைகளின் முன்மேஜையில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கிற அந்த வகை. தண்ணீருக்கு ஒரு டிங். திரும்பிப் படுக்க ஒரு டிங். போர்வை சரிந்தால் ஒரு டிங். ஒன்றும் வேண்டாதபோதும் ஒரு டிங். போய் நின்றால், "பெரியவ எப்ப வருவா?" என்று கேட்பாள்.

அம்மா போன பிறகு பெரியவள் வந்து அம்மாவின் மோதிரத்தை நினைவுக்காக எடுத்துக்கொண்டாள். அண்ணன் போட்டோ ஆல்பத்தை எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்தது ஒரு அலமாரி துணி. முதுகுப் பக்கம் வெட்டித் திறந்து நாடா வைத்த நைட்டிகள், நடுவில் நைந்து சல்லடையாகிவிட்ட படுக்கை விரிப்புகள், துவைத்துத் துவைத்து நிறம் போன துண்டுகள், ஒரு தரம்கூடப் போடாத மஞ்சள் பட்டு கவுன் ஒன்று. அந்த கவுன் பெரியவள் பிறந்தநாளுக்கு அனுப்பியது. அதில் அம்மாவின் இடது கையை நுழைக்க வழியில்லை.

தூக்கிப் போடுவதற்காகத்தான் அதையெல்லாம் மூட்டையாகக் கட்டினாள். அம்மா போன பிறகு மறுபடியும் கடைக்கே வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். போகும் வழியில் குப்பைத் தொட்டி இருந்தது. மூட்டை கடை வரைக்கும் வந்துவிட்டது.

"என்னது இது?" என்று கேட்டார் கட்டிங் மாஸ்டர். பேச்சை அளந்து வெட்டுகிற மனிதர்.

"எங்கம்மா துணி, மாஸ்டர்."

"என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல."

அவர் ஒரு விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் துணியே இல்லை, நூல்தான் இருந்தது. "இதை வச்சு எது தைச்சாலும் அடியில மெல்லிசா ஒரு வெள்ளைத் துணி கொடுங்க. இல்லேன்னா நிக்காது" என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய வெட்டும் மேஜையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைச் சாவியையும் கொடுத்தார்.

முதலில் அவள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். இணையத்தில் பார்த்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு நட்சத்திரம் வைத்து ஒட்டுப்போர்வை ஒன்று தைக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு சதுரம் முடிந்ததும் மேஜையில் பரப்பிவைத்துத் தள்ளி நின்று பார்த்தாள். பார்க்க அம்சமாக இருந்தது. வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் ஒரு நட்சத்திரமும் உதித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அன்று மதியமே உட்கார்ந்து பன்னிரண்டையும் பிரித்தாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மாஸ்டர்.

"பொய்யா இருந்துச்சு, மாஸ்டர்."

அதற்கப்புறம் படம் பார்க்கவில்லை, அளவு பார்க்கவில்லை. அம்மாவின் கட்டில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய துணியை விரித்தாள். நைந்த விரிப்பை வைத்து நடுவில் கட்டிலை அமைத்தாள், மேலிருந்து பார்க்கிற மாதிரி. கட்டிலில் அம்மாவின் உருவம். சின்ன உடம்பு, பெரிய வலது கை. வாய் திறந்திருந்தது. அதற்கு மட்டும் சிவப்பு. உள்ளே பல் இல்லாத இருட்டுக்குக் கறுப்பு. தலைமாட்டில் மஞ்சள் பட்டில் ஒரு சின்ன நீள்சதுரம், பளபளவென்று. அதுதான் பெரியவள் முகம் காட்டும் போன். ஓரமாக ஒரு நாற்காலி, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழப்பை. அதுதான் அண்ணன். தன்னை எங்கே வைப்பதென்று வெகுநாள் தெரியவில்லை. கடைசியில் கடை ஏப்ரனின் சாம்பல் நிறத் துணியை வெட்டி, கட்டிலைச் சுற்றி ஒரே உருவத்தை ஏழெட்டு இடத்தில் வைத்தாள். குனிந்த முதுகு. ஒன்றுக்கும் முகம் இல்லை. நான்கு பக்கக் கரையிலும் கறுப்பு நூலால் எழுத்துத் தைத்தாள்: பெரியவ எப்ப வருவா பெரியவ எப்ப வருவா பெரியவ எப்ப வருவா. இடைவெளி விடாமல், மூச்சு விடாமல், நாலு பக்கமும்.

மேல்துணி முடிந்து, பஞ்சு விரிப்பும் அடித்துணியும் கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட ஆரம்பித்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது. கீழே வலது மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. அங்கே என்ன வர வேண்டும் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துதான் அங்கே போகாமல் மற்ற இடங்களில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அது மூன்றாவது வருஷம், ஒரு புதன்கிழமை மதியம். அம்மா சூப் கிண்ணத்தை வலது கையால் தட்டிவிட்டாள். மெஷின்மேல், தைத்து முடித்திருந்த உறைகள்மேல், சின்னவளின் முகத்தில் எல்லாம் சூப். "பெரியவ வந்து ஊட்டட்டும். நீ போடி, சனியனே" என்றாள். சின்னவள் போனாள். கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழவில்லை. எழ முடியாமல் இல்லை, எழ விருப்பமில்லை. கொஞ்ச நேரத்தில் மணி நின்றது. அதற்குப் பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். மொத்தம் ஒரு மணி நேரம். உள்ளே போனபோது அம்மா நனைந்து, சரிந்து, கட்டில் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் இடுப்பு சிக்கிக் கிடந்தாள். மணி தரையில் விழுந்திருந்தது. இடுப்பில் விழுந்த காயம் ஆற நாலு மாதம் பிடித்தது. "தூக்கத்துல தானே சரிஞ்சுட்டாங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். அண்ணனிடமும் பெரியவளிடமும் சொன்னாள். அம்மா மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கப்புறம் கிண்ணத்தையும் தட்டிவிடவில்லை. அதுதான் சின்னவளைத் தின்றது.

அந்த மூலையில் ஏழு படிகளைத் தைத்தாள். படியில் ஒரு சாம்பல் உருவம், இரண்டு காதையும் பொத்தியபடி. இந்த ஒரு உருவத்துக்கு மட்டும் முகம் வைத்தாள். மேலே சாத்திய கதவு. கதவின் இடுக்கிலிருந்து சின்னச் சின்ன வட்டங்களாக மணியோசை வழிந்து படிகளில் உருண்டு வந்தது. தைத்து முடித்த அன்று நாலு மணிக்கே கடையை விட்டுக் கிளம்பி வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த தூக்கம்.

அதை யாருக்கும் காட்டும் எண்ணம் அவளுக்கு இல்லை. நூலகத்தின் கூடத்துக்குத் திரைச்சீலை சொல்ல வந்த நூலகர் அம்மாள்தான் மேஜையில் விரித்துக் கிடந்ததைப் பார்த்தார். மேஜையை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு, "எங்க கூடத்துல கைவேலைக் கண்காட்சி வைக்கிறோம். இதைக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். பெயர் என்ன போடுவது என்றதற்கு, "ஆறு வருஷம்னு போடுங்க" என்றாள்.

இரண்டு வாரம் அது நூலகச் சுவரில் தொங்கியது. வந்தவர்கள் பூவேலை செய்த மேஜை விரிப்புகளின் முன்னால் நின்று புகழ்ந்துவிட்டு, இதன் முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள், அப்படியே நகர்ந்துவிட்டார்கள். சீருடையோடு புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு பஸ் டிரைவர் மட்டும் வலது மூலைக்கு நேரே குனிந்து நின்றார்.

"படியில உக்கார்ந்திருக்கறது யாருங்க?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

அவர் தலையசைத்தார். "எங்க வீட்ல அப்பா. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உக்கார்ந்துடுவேன். டூட்டி இல்லாத நாள்லகூட." அவ்வளவுதான் பேச்சு. தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். ஆறு வருஷத்தைப் பற்றி அவளிடம் ஒருவர் பேசிய முதல் பேச்சு அது.

கடைசி நாள் அண்ணன் வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான்.

"அம்மாவா இது? ஏன் வாய் இப்படி?"

"அப்படித்தான் இருந்துச்சு."

"நான் எங்கே இருக்கேன்?"

"அந்தப் பழப்பை."

அவன் சிரித்துப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. படிக்கட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து நாலைந்து படம் பிடித்து, அங்கேயே நின்று பெரியவளுக்கு அனுப்பினான்.

பெரியவள் மறுநாள் கூப்பிட்டாள். சின்னவள் சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தாள்.

"ஏண்டி, இப்படி ஒரு கை உனக்குள்ள இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே! அந்தக் கரையில எழுதினதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியல. அம்மா என்னையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க."

நாலு பக்கமும் சின்னவள் குத்திக் குத்தி எழுதிய குற்றச்சாட்டு, போன இடத்தில் தாலாட்டாகிவிட்டிருந்தது.

"முழுசா பார்த்தியாக்கா?"

"பார்த்தேன், பார்த்தேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகும்போது எல்லாரையும் என் வீட்டுக்குக் கூப்பிடறேன். அன்னைக்கு அது என் ஹால்ல இருக்கணும். அண்ணன்கிட்ட கொடுத்து அனுப்பு."

கொடுக்காதே என்று சொல்ல மாஸ்டர் இருந்தார். "சுவத்துல இருந்து இறங்கினா அடுத்த சுவத்துக்கு நீங்களே கொண்டு போகணும். ஆள்கிட்ட கொடுத்தனுப்பற சாமான் இல்ல இது" என்றார். ஆனால் சின்னவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. பெரியவளின் கூடத்தில் அது தொங்கட்டும். காலையில் எழுந்ததும் அந்தத் திறந்த வாய் அவளைப் பார்க்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கட்டும், இந்த மஞ்சள் சதுரம் என்ன, இந்த முகமில்லாத முதுகுகள் யார் என்று. அவளே தன் வாயால் பதில் சொல்லட்டும். இப்படி நினைத்துத்தான் சுருட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, அண்ணனின் காரில் வைத்தாள். ஆசையும் வன்மமும் சேர்ந்து செய்த காரியம். எது எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு மாதம் கழித்து, அம்மா போய் ஒரு வருஷம் ஆன நாளில், பெரியவளின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறக்கும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. சித்தி, சித்தப்பா, சித்தியின் பெண்கள், பெரியவளின் பள்ளிக்கூட ஆசிரியைகள் என்று இருபது முப்பது பேர். கூடத்தின் நடுச்சுவரில், இரண்டு விளக்குகளுக்குக் கீழே போர்வை தொங்கியது.

அவள் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றாள்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய் இருந்த இடத்தில், துணியில் அச்சடித்த ஒரு போட்டோ முகம். பெரியவளின் கல்யாணத்தில் எடுத்தது, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தியது. அந்தக் குண்டுக் கன்னம் சின்னக் குச்சி உடம்பின்மேல் தனியாக மிதந்தது. கட்டிலைச் சுற்றியிருந்த முதுகுகளுக்கு நடுவே இலைகளும் கொடிகளும் ஓடின. முதுகுகள் இப்போது பாறைகள் மாதிரித் தெரிந்தன, தோட்டத்துப் பாறைகள். கீழே வலது மூலையில் படிக்கட்டு இல்லை. அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு இளஞ்சிவப்பில் ஒரு பெரிய பூ. பூவுக்கு மேல் ஜரிகை நூலில் 'எங்கள் அம்மா'. கரை எழுத்து மட்டும் ஒரு தையல் பிசகாமல் அப்படியே இருந்தது. பெரியவ எப்ப வருவா பெரியவ எப்ப வருவா.

பெரியவள் ஒரு ஆசிரியையிடம் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"நாலு பக்கமும் நான்தான். பாருங்க. கடைசி மூச்சு வரைக்கும் என்னைத்தான் கேட்டிருக்காங்க."

"கொடுத்துவச்சவங்க மேடம் நீங்க" என்றாள் ஆசிரியை.

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பூவின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். தையல் இல்லை. பசை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு கொடுத்து ஒட்டியிருந்தார்கள். நூலென்றால் பிரித்துவிடலாம், பசையைப் பிரிக்க முடியாது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அடியிலிருந்த நைந்த துணி நூல்நூலாக எழுந்து வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு தெரிந்தது. காதைப் பொத்திய கையின் விரல் நுனி. இழுத்தால் விரலும் சேர்ந்து வரும். கையை எடுத்துக்கொண்டாள். பிறகு முகத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே அடியில் மேடு இல்லை. சிவப்பு வாயை வெட்டியே எடுத்துவிட்டார்கள்.

பெரியவள் அவள் முழங்கையைப் பிடித்துப் படுக்கையறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"யாரு செஞ்சது இது?" என்றாள் சின்னவள்.

"என் தோழி ஒருத்தி துணிக்கடை வச்சிருக்கா, அவகிட்ட கொடுத்துக் கொஞ்சம் சரி பண்ணேன். உன் தையல்ல கை வைக்கவே இல்லடி. மேலதான்."

"வாயை வெட்டியிருக்கே."

"பின்ன? பெத்தவளை அந்தக் கோலத்துலயா நாலு பேருக்குக் காட்டறது? உனக்கு வேணா பழகிப்போச்சு. எனக்கு மனசு கேக்கல."

"பழகித்தான் போச்சு. நான்தானே தினமும் பார்த்தேன்."

"சொல்லிக் காட்டு. நல்லா சொல்லிக் காட்டு. ஆறு வருஷம் பார்த்தே, ஒத்துக்கறேன். அதுக்காக அம்மா உனக்கு மட்டும் சொந்தமாயிடுவாங்களா?"

"படிக்கட்டை ஏன் மூடினே?"

பெரியவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, தப்பு செய்த பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"நான் என்ன முட்டாளா? மணி அடிக்குது, நீ காதைப் பொத்திக்கிட்டு வெளியில உக்கார்ந்திருக்கே. அம்மா இடுப்புக் காயம் எப்படி வந்துச்சுன்னு அண்ணன் அனுப்பின படத்தைப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தானே சரிஞ்சாங்கன்னு சொன்னியே. உன்னைக் காப்பாத்தத்தான்டி மூடினேன். அண்ணனுக்கு இதெல்லாம் புரியல, புரிஞ்சா தாங்க மாட்டான். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீயும் இதை இப்படியே விட்டுடு. வா, எல்லாரும் காத்திருக்காங்க."

கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

சின்னவள் கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். ஆத்திரத்தைவிட அவளைச் சுட்டது வேறு. அந்தப் போர்வையைச் சரியாகப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் யாரென்றே தெரியாத பஸ் டிரைவர். இன்னொருத்தி பெரியவள். படித்தாள், புரிந்துகொண்டாள், புரிந்ததைப் பத்திரமாகத் தன் பையில் போட்டுக்கொண்டு மேலே பூ ஒட்டிவிட்டாள். இனி சாகும் வரைக்கும் அந்தப் பூ அவளுக்குச் செய்த உபகாரமாக நிற்கும்.

எழுந்து கூடத்துக்கு வந்தாள். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"சித்தி, அந்தப் பூவுக்கு அடியில ஒண்ணு இருக்கு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "ஒரு நாள் அம்மா மணி அடிச்சாங்க. நான் போகல. வேணும்னுதான் போகல. ஒரு மணி நேரம் படிக்கட்டுல உக்கார்ந்திருந்தேன். இடுப்புல காயம் அப்பதான் பட்டுச்சு. தானே சரிஞ்சாங்கன்னு நான் சொன்னது பொய். அதைத்தான் தைச்சேன். அக்கா அதுமேல பூவை ஒட்டிட்டா."

ஸ்பூன் சத்தம் நின்றது. பெரியவள் சமையலறை வாசலில் கையில் பாத்திரத்தோடு நின்றாள். ஒரு நிமிடம் எதுவும் நடந்துவிடலாம் என்பது போல இருந்தது.

சித்திதான் முதலில் பேசினாள். "களைச்சுப் போயிருக்கா, பாவம். ஆறு வருஷம்னா சும்மாவா? வாம்மா, வந்து மொதல்ல சாப்பிடு."

"நாங்களா இருந்தா ஆறு நாள் தாங்கியிருக்க மாட்டோம்" என்றாள் சித்தியின் பெண்.

"ஒரு மணி நேரம்தானேம்மா. அதுக்குப் போய் இப்படி மனசைப் போட்டு வருத்திக்கலாமா?" என்றார் சித்தப்பா. பிறகு, மறுபடியும் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காத மன்னிப்பை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்தார்கள். சொன்னதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பேச்சு மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் திரும்பிற்று.

அண்ணன் மட்டும் சாப்பிடவில்லை. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தான். லிஃப்ட் முன்னால் நின்றார்கள்.

"அந்தக் காயம்... அப்பதானா?"

"ஆமாண்ணா."

"நான் எத்தனை தரம் உன்கிட்ட கேட்டேன்."

"ஆமா."

அவன் லிஃப்ட் பொத்தானை அவளுக்காக அழுத்தினான். கதவு திறந்ததும் உள்ளே வரவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. கதவு மூடும் வரைக்கும் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவனிடமிருந்து போன் இல்லை. பெரியவள் சொன்னது பலித்தது. அவன் தாங்கவில்லை.

போர்வை அங்கேயே இருந்தது. அவள் திருப்பிக் கேட்கவில்லை. மாஸ்டர் ஒரு தரம் கேட்டார், "போய் எடுத்துட்டு வர வேண்டியதுதானே?" என்று. "எடுத்துட்டு வந்து என்ன பண்றது மாஸ்டர்? பசை" என்றாள். பசை என்ற ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "இன்னொண்ணு தைக்கலாமே?" என்று அவர் கேட்கவில்லை. துணி தீர்ந்துவிட்டது அவருக்கும் தெரியும்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மருத்துவமனைக்கு அறுபது திரைச்சீலை அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பெரியவளின் பள்ளிக்கூட ஆசிரியை. அன்றைக்கு 'கொடுத்துவச்சவங்க' என்று சொன்ன அதே குரல்.

"உங்க அக்காகிட்டதான் நம்பர் வாங்கினேன். அவங்க ஹால்ல இருக்கே, அதே மாதிரி ஒண்ணு எங்கம்மாவுக்கும் தைச்சுத் தர முடியுமா? சிரிச்ச முகமா, கீழே அந்தப் பூவும் இருக்கட்டும். எழுத்து மட்டும் எங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்."

"அம்மா எப்ப தவறினாங்க?"

"ஐயோ, இருக்காங்க. படுத்த படுக்கையா இருக்காங்க, நாலு வருஷமா. எண்பதாவது பிறந்தநாள் வருது, அதுக்குத்தான்."

சின்னவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "யார் பார்த்துக்கறாங்க?"

"என் தங்கச்சி. அவ வீட்லதான் இருக்கா, வேற வேலை ஒண்ணும் கிடையாது. தங்கமா பார்த்துக்கறா."

"உங்க தங்கச்சி நம்பர் கொடுங்களேன்."

"அவ நம்பர் எதுக்குங்க? டிசைன் எல்லாம் நானே சொல்றேன்."

"டிசைனுக்கு இல்ல. அவங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"அவளுக்கு எங்கங்க நேரம்... சரி, கேட்டுச் சொல்றேன்" என்றாள் ஆசிரியை.

சின்னவள் அந்த வாரம் முழுவதும் போனை மெஷின் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஆசிரியை அப்புறம் கூப்பிடவில்லை.